லஸ்கர் மங்களாம்பிகையும் ஒரு ‘ரிலீஸ்’ ஆர்டரும்

விசாரணை பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். மங்களாம்பிகை ஒன்பதரைக்கே வந்து, அலுவலக வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் தங்கையன் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் தாராளமாக நாலு பேர் உட்காரலாம். ஒரே ஆற்றில் மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் மதகு பார்க்கிறவர்கள், இருபது வருடமாகத் தெரிந்தவர்கள். அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தங்கையனுக்கு வேலையில் இன்னும் ஏழு நாள் பாக்கி. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. அரசாங்கத்தில் வயது முடிந்துவிட்டால் மட்டும் ஓய்வு கிடைத்துவிடாது. ‘பெர்மிட்டட் டு ரிட்டயர்’, ஓய்வு பெற அனுமதி, என்று ஒரு ஆர்டர் வர வேண்டும். விசாரணையில் குற்றம் என்று ஆகிவிட்டால் அந்த வரிக்கு முன்னால் ஒரு ‘நாட்’ வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசி நாள் சாயங்காலம் கழுத்தில் மாலை விழாது, கையில் சஸ்பென்ஷன் விழும். அதற்குப் பிறகு பென்ஷன் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அந்த ‘நாட்’ சேருமா சேராதா என்பது மங்களாம்பிகை உள்ளே போய்ச் சொல்லப்போகிற ஒரே ஒரு பதிலில் இருந்தது. கேள்வியும் அவளுக்குத் தெரியும். நவம்பர் இருபத்தேழாம் தேதி வந்த ஆர்டரை நீங்கள் என்னவென்று புரிந்துகொண்டீர்கள்? மதகை மூடச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன் என்று அவள் சொன்னால் போதும். எட்டாவது படித்த பெண்ணுக்குப் புரிந்தது முப்பத்து நாலு வருட சர்வீஸ்காரருக்கு எப்படிப் புரியாமல் போயிற்று என்று தங்கையனைப் பிடித்துக்கொள்வார்கள். அது உண்மையும்கூட. அவள் மூடினாள், அவர் திறந்தார்.

அவள் மடியிலிருந்த பைக்குள் ஒரு நோட்டு இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. பையின் காதை முறுக்கி முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மங்களாம்பிகை பிறந்தது திருவிடைமருதூர்ப் பக்கம். குடவாசலுக்குக் கிழக்கே புளியந்துறை மதகில் லஸ்கராக இருந்த இளையபெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். லஸ்கர் என்பது எந்த ராஜா காலத்துப் பட்டாளத்துச் சொல்லோ, வெள்ளைக்காரன் போயும் இந்தச் சொல் போகவில்லை. பட்டாளம் எதுவும் கிடையாது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மதகு, அதில் மூன்று கண், மூன்று கண்ணுக்கும் மூன்று இரும்பு ஷட்டர். அதைக் கைப்பிடி போட்டுத் திருகி ஏற்றுவதும் இறக்குவதும், காலையும் மாலையும் ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துச் சொல்வதும்தான் வேலை. இளையபெருமாள் மஞ்சள்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தபோது மகள் பூர்ணிமாவுக்குப் பத்து வயது. கருணை அடிப்படையில் அந்த வேலையை வாங்க மங்களாம்பிகை நாலு வருடம் செருப்புத் தேய நடந்தாள். கருணைக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, “பொம்பள ஷட்டர் திருகுனா தண்ணி வெக்கப்பட்டுக்கிட்டு அங்கேயே நிக்கும்” என்று டீக்கடையில் சொன்னவர் இதே தங்கையன்தான். ஊரே சிரித்தது. அவள் காதுக்கும் வந்தது. மறுவாரம் அவரிடமே போய், “தண்ணி ஒழுங்காத்தான் போவுதுங்கண்ணே, வந்து பாத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டீக்கடையில் அந்தப் பேச்சும் வரவில்லை.

திருகுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை. கை காய்த்துப் போனால் சரியாகிவிடுகிறது. ஆர்டர்தான் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. இளையபெருமாள் காலத்தில் பிரிவு அலுவலகத்திலிருந்து ஆள் சைக்கிளில் வந்து, “ஏய், ரெண்டு திருகு ஏத்துய்யா” என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது எல்லாம் வாட்ஸ்அப். மேலதிகாரிகளும் அதே குழுவில் இருப்பதால் இங்கிலீஷில்தான் போடுவார்கள். மதகில் நின்று திருகுகிறவருக்குப் புரிய வேண்டும் என்பதைவிட, ஏசி அறையில் இருக்கிறவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பது முக்கியம்.

முதல் வருடம் ஒரு நாள் ‘ஓபன் ஃபோர்த்வித்’ என்று வந்தது. மங்களாம்பிகை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஓபன் தெரியும். ஃபோர்த் என்றால் நாலாவது, அதுவும் தெரியும். மதகின் மேல் போய் நின்று ஷட்டரை எண்ணினாள். மூன்றுதான் இருந்தது. எதற்கும் ஒரு தடவை அந்தக் கோடியிலிருந்து எண்ணினாள். அப்போதும் மூன்றுதான். அலுவலகத்துக்குப் போன் போட்டு, “சார், நம்ம மதகுல நாலாவது ஷட்டரே இல்லைங்களே” என்றாள். அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். உடனே என்பதற்குத்தான் அப்படி ஒரு சொல்லாம். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அவளுக்கு அலுவலகத்தில் ‘நாலாவது ஷட்டர்’ என்றே பெயர்.

அந்த அவமானத்தில்தான் நோட்டுப் போட்டாள். வருகிற ஆர்டரை இடது பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்திலேயே, கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைவாள். வலது பக்கத்தில் அதற்கு என்ன செய்தோம் என்று தமிழில் எழுதுவாள். ‘மெயின்டெய்ன்’ என்றால் கை வைக்காதே. ‘லோயர்’ என்றால் இறக்கு. ‘அன்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ்’ என்றால் வீட்டிலிருந்து சோறு கொண்டுவரச் சொல்லிவிட்டு அங்கேயே கிட. ‘ரிப்போர்ட் கம்ப்ளையன்ஸ்’ என்றால் முடித்துவிட்டு ‘கம்ப்ளைடு’ என்று பதில் போடு. ஆறு வருடத்தில் நோட்டு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. யாரிடமும் கேட்காமல் ஆர்டரைப் படிக்கிறோம் என்பதில் அவளுக்குச் சின்ன கர்வம்கூட வந்திருந்தது. வரட்டுமே, அவளிடம் கர்வப்பட வேறு என்ன இருந்தது?

போன ஆகஸ்டில் உதவிப் பொறியாளராக அறிவுச்செல்வன் வந்தான். முப்பது வயது இருக்கும். மரியாதை தெரிந்த பிள்ளை, எல்லோரையும் வாங்க போங்க என்பான். அதற்கு முன் வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய அணையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே ஷட்டர் என்றால் யானை கனம், மேலே மோட்டாரில் தொங்கிக்கொண்டிருக்கும். புளியந்துறை மதகையும் வந்து பார்த்தான். மங்களாம்பிகையின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சூப்பர்ம்மா” என்றான்.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. சம்பாப் பயிர் முழங்கால் உயரத்தில் நின்றது. வயலில் பெய்த தண்ணீரே வடிய வழியில்லாமல் நிற்க, ஆற்றில் வேறு மேலிருந்து வெள்ளம் வந்துகொண்டிருந்தது. இருபத்தேழாம் தேதி காலையில் ஒன்பது அடி ஆற்றில் ஏழரை அடி ஓடியது. மதகின் மூன்று கண்ணும் ஒரு அடி திறந்திருந்தன. முந்தின நாளே மின்சாரம் போய்விட்டது. போனில் டவர் வருவதும் போவதுமாக இருந்தது.

பத்து நாற்பதுக்கு அறிவுச்செல்வனிடமிருந்து ஆர்டர் வந்தது. புளியந்துறைக்கும் தங்கையனின் ஆலங்கரைக்கும் சேர்த்து ஒரே ஆர்டர். ‘ரிலீஸ் ஷட்டர்ஸ் இம்மீடியட்லி. ரிப்போர்ட் கம்ப்ளையன்ஸ்.’

ரிலீஸ் அவளுக்குப் பழகின சொல். அணையில் தண்ணீர் ரிலீஸ் ஆனால்தானே டெல்டாவில் சோறு? ரிலீஸ் என்றால் திறப்பது. ஆனாலும் அவள் உடனே கைப்பிடியை எடுக்கவில்லை. அவள் மதகிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கரையில்தான் கரைத்தெரு இருக்கிறது. அறுபத்திரண்டு வீடு. நாலாவது வீடு அவளுடையது. கல்லூரிக்கு மழை லீவு விட்டிருந்ததால் பூர்ணிமா வீட்டில் இருந்தாள். வாய்க்கால் ஏற்கெனவே கழுத்து முட்டப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அடி திறந்தால் தெருவுக்குள் வரும்.

அதற்காக ஆர்டர் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆற்றுக்கரை தாங்காது என்கிற நிலை வந்தால் வாய்க்கால்களில் கொஞ்சம் கொஞ்சம் பிரித்து விட்டு ஆற்றின் பாரத்தைக் குறைப்பது உண்டு. ஆறு உடைத்துக்கொண்டால் அக்கரையில் இரண்டு ஊர் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு தெருவில் தண்ணீர் புகுவது பெரிதில்லை. அப்படி நினைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

போன் அடித்தது. தங்கையன். மழை இரைச்சலில் கத்தினார்.

“மெசேஜ் பாத்தியா மங்களம்? ரிலீஸ் போட்டுட்டாரு.”

“பாத்தங்கண்ணே. தொறக்கச் சொல்றாருங்களா?”

“பின்ன? ரிலீஸ்னா வேற என்ன? கர தாங்காதாட்டம் இருக்கு. நான் தொறக்கப் போறேன், நீயும் தொற...”

அதோடு டவர் போய்விட்டது.

அவள் கைப்பிடியை மாட்டினாள். நடுக்கண் ஷட்டரை நாலு திருகு ஏற்றினாள். தண்ணீரின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க முடியவில்லை. கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு அறிவுச்செல்வனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. பன்னிரண்டு தடவை போட்டாள். பதின்மூன்றாவதாக மகளுக்குப் போட, அது எப்படியோ கிடைத்தது.

“பூர்ணிமா, ரிலீஸ்னா என்னடி அர்த்தம்?”

“என்னம்மா இப்ப போயி... விடுறது. பிடிச்சு வச்சிருக்கறத விடுறது.”

“எதை விடுறது?”

பதில் வருவதற்குள் அதுவும் அறுந்தது.

எதை விடுவது? மதகை ஒட்டின தகரக் கொட்டகைக்குள் போய் நோட்டைப் பிரித்தாள். ஈரக்கையில் தாள் ஒட்டிக்கொண்டது. ரிலீஸ் என்று ஆறு வருடத்தில் நாலு தடவை வந்திருந்தது. நாலு தடவையும் வலது பக்கத்தில் ‘திற’ என்று எழுதியிருந்தாள். இடது பக்கத்தைப் பார்த்தாள். நாலிலும் ரிலீஸுக்கு அடுத்தாற்போல் ‘வாட்டர்’ இருந்தது. ‘ரிலீஸ் வாட்டர்’ நூறு கன அடி, ‘ரிலீஸ் வாட்டர்’ நூற்றைம்பது கன அடி. போனைப் பார்த்தாள். இன்றைக்கு வாட்டர் இல்லை. ஷட்டர்ஸ்.

தண்ணீரை விடு என்றால் திறக்க வேண்டும். ஷட்டரை விடு என்றால்? தூக்கிப் பிடித்திருக்கிற ஷட்டரைக் கையை விட்டால் அது கீழேதானே போகும்?

அப்போதுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. ஒரே சொல், திறக்கவும் சொல்கிறது, மூடவும் சொல்கிறது. இப்படி எழுத்தை எண்ணிப் பார்ப்பது ஆர்டரைப் புரிந்துகொள்ளவா, இல்லை தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவா? நாலாவது வீடு தன்னுடையதாக இல்லாவிட்டால் இந்நேரம் மூன்று கண்ணையும் திறந்திருப்போமே. தங்கையனுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிட்டது? தான் மூடி, அதனால் ஆறு உடைத்துக்கொண்டால் அக்கரை இரண்டு ஊருக்கும் என்ன பதில் சொல்வது?

அவள் மூடினாள். ஏற்றின நாலு திருகையும் இறக்கி, மிச்சத்தையும் இறக்கி, மூன்று கண்ணையும் அடியோடு மூட முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூடுகிற நேரமெல்லாம் கண் முன்னால் பூர்ணிமாதான் நின்றாள், ஷட்டர்ஸ் என்கிற எழுத்து நிற்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மூடி முடித்ததும் தங்கையனுக்குப் போட்டாள். டவர் இல்லை. ஆலங்கரை மூன்று கிலோமீட்டர். கரையோடு சைக்கிளை மிதித்தால் அரை மணி. ஆனால் வெள்ள நேரத்தில் மதகை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. அந்த விதி தமிழிலேயே எழுதி மாட்டியிருந்தது. அவள் சைக்கிளைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், போகவில்லை. போயிருக்கலாம் என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

ஒரு மணிக்கு டவர் வந்தது. குழுவில் தங்கையன் பன்னிரண்டு மணிக்கே ‘கம்ப்ளைடு’ போட்டிருந்தார். இவளும் ‘கம்ப்ளைடு’ போட்டாள். உடனே தங்கையனுக்குப் போனும் போட்டுப் பார்த்தாள். ஆலங்கரையில் யாரும் போனை எடுக்கவில்லை. அறிவுச்செல்வன் இரண்டு கம்ப்ளைடையும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒன்று திறந்த கம்ப்ளைடு, ஒன்று மூடின கம்ப்ளைடு. வயலெல்லாம் ஏற்கெனவே தண்ணீர் நிற்பதால் அவன் சொல்ல வந்தது மூடச் சொல்லித்தான். அணையில் தொங்குகிற ஷட்டரை ரிலீஸ் செய்தால் கீழே இறங்கும், அந்தப் பழக்கம்.

அன்று சாயங்காலம் ஆலங்கரை வாய்க்கால் உடைத்துக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருநூறு ஏக்கர் சம்பா எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போனது. விவசாயிகள் அழுகின பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்தது நியாயம். மேலே இருந்து யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பொறுப்பு கீழே இறங்கி இறங்கி வந்து, இதற்குமேல் இறங்க முடியாத இடத்தில் தங்கையன் தலையில் நின்றது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அறிவுச்செல்வன் போன் செய்தான்.

“நீங்க சரியா படிச்சீங்கம்மா. அதை அப்படியே சொன்னா போதும். உங்களுக்கு ஒரு அப்ரிஸியேஷன் லெட்டர் வாங்கித் தரேன்.”

அவன் குரலில் பயம் இருந்தது. அவனுக்கும் அவன் வேலை. அவள் மதகில் வேலை இருக்கிறது என்று போனை வைத்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் தங்கையனின் மனைவி அகிலாண்டம் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்றதற்கும் வரவில்லை.

“நீ பொய் சொல்லணும்னு நான் கேக்க வரல மங்களம். ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு ‘ரிலீஸ்னா தொறக்கறதுதானே, ரிலீஸ்னா தொறக்கறதுதானே’ன்னு என்னையே கேக்குறாரு. எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு, ரிலீஸ்னா என்னம்மா?”

மங்களாம்பிகைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “போங்கக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னாள்.

பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி ஒரு அம்மாள், வேறு கோட்டத்திலிருந்து வந்தவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பக்கத்தில் கணினி முன்னால் இளநிலை உதவியாளர் ஜாஃபர் சாதிக். அவள் தமிழில் சொல்வதை அவன் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். ஒரு ஓரத்தில் அறிவுச்செல்வன். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரும் இருக்க வேண்டும் என்பதால் தங்கையன் சுவரோரம் நின்றார். துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இருபத்தேழாம் தேதி மெசேஜை யார் படிச்சாங்க?” அதிகாரி கேட்டார்.

“நான்தாங்க மேடம்.”

“யாராவது படிச்சு அர்த்தம் சொன்னாங்களா?”

“இல்லைங்க. நானேதான் படிச்சேன்.”

“படிச்சதும் என்ன புரிஞ்சுது?”

அறிவுச்செல்வன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜாஃபர் சாதிக்கின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. மூடச் சொன்னாங்க, புரிஞ்சுது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அலுவலகம் முழுவதும் ‘நாலாவது ஷட்டர்’ என்று சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொள்ளும். ஆறு வருடம் கோலம் போட்ட கைக்கு ஒரு மரியாதை கிடைக்கும். அதற்கு அவள் ஆசைப்பட்டாள், நன்றாகவே ஆசைப்பட்டாள். சுவரோரம் பார்த்தாள். தங்கையனின் உதடு ‘ரிலீஸ்னா தொறக்கறதுதானே’ என்று சத்தமில்லாமல் அசைந்தது.

“தொறக்கச் சொல்றாங்கன்னு புரிஞ்சுதுங்க.”

அறிவுச்செல்வன் எழுந்தே விட்டான். அதிகாரி அவனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“திறக்கச் சொல்றாங்கன்னு புரிஞ்சுதுன்னா ஏன் மூடினீங்க?”

“மொதல்ல தொறக்கத்தாங்க போனேன். நாலு திருகு ஏத்துனேன். அப்புறம் மனசு கேக்கல. என் வீடு அந்த வாய்க்கா கரையிலதாங்க இருக்கு. பொண்ணு தனியா இருந்துச்சு. பயந்துட்டேன்.”

“அப்ப ஆர்டரை மீறியிருக்கீங்க. இது உங்க மேலயே கேஸாகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதாங்க சொல்றேன்.”

“மேடம், ஒரு நிமிஷம்,” அறிவுச்செல்வன் குறுக்கிட்டான். “இவங்க ஒரு நோட்டு வச்சிருக்காங்க. ஒவ்வொரு ஆர்டரையும் எழுதி வைப்பாங்க. நானே பாத்திருக்கேன். இவங்களுக்கு நல்லாவே புரியும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நோட்டு இருக்கா?”

“இருக்குதுங்க.”

“எங்க?”

“வீட்டுலங்க.” மடியிலிருந்த பையை அவள் அசைக்கவில்லை. அசைந்தால் தாள் சரசரக்கும் என்று பயந்தாள்.

“அதுல ரிலீஸுக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

“நாலு எடத்துல வருதுங்க. நாலு எடத்துலயும் தொறன்னுதாங்க எழுதியிருக்கேன்.”

இது சுத்தமான உண்மை. அதனால் குரல் பிசிறாமல் வந்தது. அதிகாரி வெகுநேரம் அவளையே பார்த்தார். என்ன கண்டுபிடித்தாரோ தெரியாது. பிறகு அறிவுச்செல்வன் பக்கம் திரும்பி, “ரெண்டு பேருமே திறன்னுதான் புரிஞ்சிருக்காங்க. நீங்க ‘க்ளோஸ்’னு ஒரு வார்த்தை போட்டிருந்தா என்ன?” என்று கேட்டார்.

ஜாஃபர் சாதிக் அடித்து முடித்து, தாளை அவள் முன்னால் வைத்தான். “அக்கா, ‘டிஸ்ஒபேய்டு’ன்னு போட்டிருக்கேன். கீழ்ப்படியலன்னு அர்த்தம். சரிதானே? கையெழுத்துப் போட்டா மாத்த முடியாது,” என்று மெதுவாகச் சொன்னான். அவன் கண் வேண்டாம் என்றது.

மங்களாம்பிகை அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது தங்கையன் பின்னாலேயே வந்தார். முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ரத்தம் ஓடியது.

“பாத்தியா? நான் அன்னைக்கே போன்ல சொன்னேன்ல, ரிலீஸ்னா தொறக்கறதுன்னு. நீயும் அப்படித்தான் படிச்சிருக்கே. நம்மளப் போயி இங்கிலீஷ் தெரியாதவங்கன்னு நெனச்சுட்டானுங்க,” என்றார். பக்கத்தில் நின்ற டிரைவரிடமும் திரும்பிச் சொன்னார். “மங்களமே உள்ள சொல்லிடுச்சுப்பா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்காகவா? பையைத் திறந்து, நோட்டைப் பிரித்து, வாட்டருக்கும் ஷட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும் போல் இருந்தது. கை பையின் வாய்வரை போய்விட்டது.

“ஆமாங்கண்ணே,” என்றாள். “நீங்க சொன்னதுதான் சரி.”

அவர் நிமிர்ந்து நடந்து போனார். அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஆறு மணிக்கு மதகில் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி தங்கையனுக்கு ‘நாட்’ இல்லாத ஆர்டர் வந்தது. மாலை போட்டார்கள். அறிவுச்செல்வனை வாய்வார்த்தையாகக் கண்டித்து விட்டுவிட்டார்கள். இனி மதகு ஆர்டர் எல்லாம் தமிழில் ‘திற’, ‘மூடு’ என்றே போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அது இங்கிலீஷில் வந்தது.

மங்களாம்பிகைக்கான ஆர்டர் மார்ச் மாதம் பதிவுத் தபாலில் வந்தது. பூர்ணிமாதான் வாங்கிப் பிரித்தாள். அம்மாவின் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இனி அழியாத ஒரு கண்டனம் ஏறுகிறது என்று அவளுக்குப் பாதி படிக்கும்போதே தெரிந்துவிட்டது. கண் கலங்கினாள். கடைசி வரியில் வந்து நின்று, மறுபடியும் அதையே படித்தாள்.

“என்னம்மா இது? ‘அவார்டடு த பனிஷ்மென்ட்’னு போட்டிருக்கு. தண்டனைய யாராச்சும் அவார்டு குடுப்பாங்களா? அவார்டுன்னா விருதும்மா. இதக்கூட தப்பா அடிச்சிருக்காங்க பாரு.”

மங்களாம்பிகை தாளை வாங்கி, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினாள்.

“தப்பு இல்லடி,” என்றாள். “சரியாத்தான் அடிச்சிருக்காங்க.”